முதலில் சீட் போஸ்ட்டைக் கழற்றிப் பாருங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தான். "அண்ணா, சீட்டு எடுத்தது, போனஸ், பழைய வண்டிய வித்தது எல்லாம் சேத்து மூணு லட்சம் இருக்கு. கிராஸ் கன்ட்ரி ரேஸுக்கு கார்பன் ஹார்ட்டெயில் வாங்கணும். எதுணா வெயிட் கம்மி?" கார்பன் ஃபைபர் ஃப்ரேமும், முன்னால் மட்டும் சஸ்பென்ஷனும் உள்ள மவுன்டன் சைக்கிளைத்தான் கேட்கிறான், காடுமேட்டுப் பாதையில் ஓடும் ரேஸுக்கு. கூடவே நாலு வண்டிகளின் படம். நாலுக்கும் எடையைக் கிராம் கணக்கில் எழுதி வட்டம் போட்டிருந்தான்.

அவனுக்கு ஒரு வரியில் பதில் போட உட்கார்ந்தேன். இரண்டு முறை அழித்து எழுதிப் பார்த்தும் நிற்கவில்லை. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன், இதே கேள்வியோடு இன்னும் நாலு பேர் இருப்பார்கள்.

எடை முக்கியமில்லை என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்ல மாட்டேன். ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் 2020 மாடல் எஸ்-வொர்க்ஸ் எபிக் ஹார்ட்டெயில் ஃப்ரேம் மீடியம் அளவில் 790 கிராம். முக்கால் கிலோ தக்காளிப் பையைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அதைக் கையில் தூக்கிப் பார்த்தவனுக்கு ராத்திரி தூக்கம் வராது, எனக்கும் வரவில்லை. ஆனால் அந்த ஃப்ரேம் வந்து நிற்கப்போவது எங்கே? நம் வீட்டு மாடிப்படிக்குக் கீழே. அங்கிருந்து கடல் நடந்துபோகிற தூரம். ஜன்னல் கம்பியே நாலு வருஷத்தில் உதிர்கிற இடம் அது.

என் முதல் கார்பன் வண்டியின் கதையைச் சொல்கிறேன். பெயருள்ள ஒரு கடையில்தான் வாங்கினேன். சீட்டைத் தாங்கும் அலுமினியக் குழாயை, அதாவது சீட் போஸ்ட்டை, ஒரு துளி கார்பன் பேஸ்ட்கூடத் தடவாமல் வறட்டு வறட்டென்று ஃப்ரேமில் இறக்கிக் கொடுத்திருந்தார்கள். எனக்கும் அப்போது ஒன்றும் தெரியாது. உயரம் சரியாக இருந்ததால் பதினோரு மாதம் அதைத் தொடவே இல்லை. ஒரு ரேஸுக்குப் போக வண்டியைப் பெட்டியில் அடைக்கும்போது போஸ்ட் அசையவில்லை. நானும் என் கூடப்பிறந்த தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருகியும் அசையவில்லை.

காரணம் பின்னால்தான் புரிந்தது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். அதை ஒட்டி அலுமினியம் இருந்து, நடுவில் உப்புத் தண்ணீர் இறங்கினால் அங்கே ஒரு குட்டி பேட்டரி உண்டாகிவிடும். அரிபடுவது அலுமினியம். அரித்து வருகிற வெள்ளைப் பொடிக்கு அசல் உலோகத்தைவிட இடம் அதிகம் வேண்டும், அதனால் போஸ்ட் உள்ளேயே உப்பி இறுகிவிடுகிறது. மழையே தேவையில்லை. கடற்காற்றும், சீட்டிலிருந்து சொட்டுகிற நம் வியர்வையும் போதும்.

கடைசியில் காப்பாற்றியவர் பழைய வண்ணாரப்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர். இன்றும் பால்ரஸ், கோட்டம், ஓவராயில் என்றுதான் பேசுவார். ஃப்ரேமைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாபா இது, பிளாஸ்டிக்கா?" என்றார். அப்புறம் போஸ்ட்டை மேலே அறுத்து, ஹாக்ஸா பிளேடுக்குத் துணி சுற்றி, குழாய்க்குள்ளே விட்டு நெடுக்குவாட்டில் கீறி, மூன்று சாயங்காலம் உட்கார்ந்து எடுத்தார். கார்பனில் ஒரு கீறல் இல்லை. ரேஸ் போய்விட்டது, அது வேறு விஷயம்.

எங்கள் நைனா துறைமுகத்துக்கு ஹெர்குலிஸ் சைக்கிளில்தான் போய்வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வேட்டித் துணியில் தேங்காய் எண்ணெயைத் தொட்டு, ரிம், ஹேண்டில்பார் என்று எல்லாவற்றையும் துடைப்பார். நான் அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே தம்பியின் நாலு படங்களையும் நான் பார்த்தது கிராமை வைத்து இல்லை. இந்த வண்டியை நம் ஊரில், நம் கையால் கழற்றிப் பூட்ட முடியுமா என்றுதான் பார்த்தேன்.

முதலில் பாட்டம் பிராக்கெட், அதாவது பெடல் அச்சு சுழல்கிற பேரிங் பகுதி. அழுத்திச் செருகுகிற பிரஸ் ஃபிட் வகை நம் ஊர் மணலும் உப்பும் ஏறினால் மிதிக்கு மிதி கிரீச்சென்று கத்தும், கழற்றினால் சுத்தியலோடு போராட வேண்டும். மரை உள்ள பழைய பி.எஸ்.ஏ. வகையைச் சாவி போட்டுத் திருகிக் கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்துத் திரும்பப் பூட்டிவிடலாம். அந்த பி.எஸ்.ஏ. பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்தான். நம் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் விற்கும் பி.எஸ்.ஏ. வண்டிக்கும் பெயர் அங்கிருந்துதான் வந்தது. நான் மேலே சொன்ன 790 கிராம் ஃப்ரேமிலும் மரைதான். எடையைக் குறைக்க மரையைத் தியாகம் செய்தே ஆகவேண்டும் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அடுத்தது இந்தப் புது மோகம், பிரேக் குழாயையும் கேபிளையும் ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்புகிற இடத்துப் பேரிங்) வழியாக உள்ளே விடுவது. பார்க்க அழகு. மேல் பேரிங் துருப்பிடித்தால் (நம் ஊரில் அது எப்போது என்பதுதான் கேள்வி) அதை மாற்றப் பின் பிரேக் குழாயையே கழற்றி, எண்ணெய் விட்டு, காற்று எடுக்க வேண்டிவரும். நான் அந்த வகை ஃப்ரேமைத் தொட மாட்டேன். தம்பி அனுப்பியதில் இரண்டு இதிலேயே அடிபட்டுப்போயின.

பின்னால் கியர் மாற்றும் டிரெய்லியரை ஃப்ரேமில் தொங்கவிடுகிற துண்டு, அதாவது ஹேங்கர், யு.டி.எச். வகையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்ராம் கம்பெனி 2019-இல் கொண்டுவந்த பொது அளவு அது. விழுந்தால் முதலில் வளைவது அந்தத் துண்டுதான். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி ஹேங்கர் என்றிருந்த காலத்தில் அதற்காக வாரக்கணக்கில் வண்டியைச் சுவரில் சாய்த்து வைத்தவன் நான்.

ஹார்ட்டெயிலே வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2012 லண்டன் ஒலிம்பிக் மவுன்டன் சைக்கிள் ரேஸில் செக் வீரர் குல்ஹவி, பின்னாலும் சஸ்பென்ஷன் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் வண்டியில் தங்கம் வாங்கினார், ஹார்ட்டெயிலில் வந்த நினோ ஷுர்ட்டர் ஒரே ஒரு விநாடியில் தோற்றார். 2016 ரியோவில் அதே ஷுர்ட்டர் தங்கம் வென்றது ஃபுல் சஸ்பென்ஷனில். டோக்கியோவிலும் பாரிஸிலும் வென்ற டாம் பிட்காக்கின் வண்டியும் அப்படித்தான். எனவே ஹார்ட்டெயில்தான் வேகம் என்று நான் வாதாடவில்லை. பின்னால் இருக்கிற ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பேரிங், ஒவ்வொரு பேரிங்கிலும் கடல் உப்பும் எண்ணூர் சாம்பலும். அதைக் கழுவிக்கொண்டிருக்கிற நேரத்தில் நான் பயிற்சி செய்வேன். அதே காசுக்கு ஹார்ட்டெயிலில் நல்ல ஃபோர்க்கும் நல்ல சக்கரமும் வரும் என்பதும் இருக்கிறது.

நமக்கு மலை கிடையாது. ஸ்டான்லி மேம்பாலம், பெரம்பூர் மேம்பாலம், இவைதான் நம் மலைகள். பழவேற்காடு வரை எதிர்க்காற்றில் மிதித்து மிதித்துக் காலில் பலம் ஏறிவிடும், உடனே முன் செயின் சக்கரத்தில் 36 பல் போடலாம் என்று ஆசை வரும் (பல் கூடினால் மிதி கனக்கும்). செய்யாதீர்கள். பின்னால் 51, 52 பல் இருந்தாலும், ஏற்றமே பார்க்காத கால் நிஜமான மலைச் சரிவில் மூன்றாவது சுற்றில் அழும். 32 போதும். அதைவிட நாம் தோற்பது இறக்கத்தில்தான். கல்லும் வேரும் உள்ள சரிவில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குவோம், மலையூர்ப் பையன்கள் பறந்துவிடுவார்கள். அதனால் 70, 71 டிகிரி ஹெட் ஆங்கிள் (முன் ஃபோர்க் சாய்ந்திருக்கும் கோணம், குறைந்தால் இறக்கத்தில் வண்டி நிதானமாக நிற்கும்) உள்ள பழைய வடிவ ஃப்ரேம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், 68-ஐ ஒட்டியதாகப் பாருங்கள். டிராப்பர் போஸ்ட் கொஞ்சம் எடை கூட்டும். கூட்டட்டும், இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்த முடிந்தால் பயம் பாதி போய்விடும்.

ஃப்ரேமில் ஒரே வடிவத்தை இரண்டு மூன்று தர கார்பனில் விற்பார்கள். இரண்டாவது தரமே போதும். மிச்சக் காசைச் சக்கரத்திலும் டயரிலும் போடுங்கள், டியூப்லெஸ்ஸாக. டயருக்குள் ஊற்றுகிற, ஓட்டையை அடைக்கும் சீலன்ட் நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும், அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு டார்க் ரெஞ்ச், குறித்த அளவுக்கு மட்டும் இறுக்குகிற சாவி. கைக்கணக்கில் இறுக்கினால் கார்பன் சத்தமில்லாமல் விரிசல் விடும்.

தம்பி, உன் நாலாவது படத்தில் இருக்கிற வண்டி எனக்குப் பிடித்திருக்கிறது. எடையில் அதுதான் கடைசி, நாலில் கனமானது. மரை இருக்கிறது, கேபிள் ஃப்ரேமின் பக்கவாட்டில் நுழைகிறது. வாங்கிய அன்றே கடையில் நின்று சீட் போஸ்ட்டை உருவிப் பார், கார்பன் பேஸ்ட் இல்லையென்றால் தடவச் சொல், மாசம் ஒரு தடவை நீயே உருவித் துடை. சிவப்பா, கறுப்பா என்று கேட்டிருந்தாயே? மேட் கறுப்பு எடு. உப்பு படிந்தால் வெள்ளையாகத் தெரியும்.