26 ஆண்டுகள் ஆகியும் மூடாத உழவுச் சால்

உழுத நிலத்தில் நாலு மழை பெய்தால் சால் மூடிவிடும். 1989இல் ஜெர்மன் விஞ்ஞானிகள் பெரு நாட்டுக்கு அப்பால், பசிபிக் பெருங்கடலில் ஏறத்தாழ 4,150 மீட்டர் ஆழத்தில் ஒரு நிலத்தை உழுதார்கள். எட்டு மீட்டர் அகலக் கலப்பையைக் கப்பலிலிருந்து இறக்கி, சுமார் 11 சதுர கிலோமீட்டர் பரப்பில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்தார்கள். நாளை அங்கே சுரங்கம் வந்தால் கடல்தரை என்ன ஆகும் என்று அறிவதற்கான ஆய்வு அது. டிஸ்கால் என்று பெயர். 2015இல் மறுபடி போய்க் கேமராவை இறக்கினால், சால்கள் நேற்று உழுதவை போல அப்படியே கிடந்தன.

அந்தப் படங்களைப் பார்த்ததிலிருந்து, "பேட்டரிக்கு நிக்கல் வேண்டும், கோபால்ட் வேண்டும், பூமி சூடாகாமல் காக்க ஆழ்கடலைத் தோண்டித்தான் ஆகவேண்டும்" என்று யார் சொன்னாலும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் இந்த இரண்டு உலோகங்களும் இல்லாமலே வண்டிகளை ஓட்டிக்கொண்டிருக்கின்றனவே!

அள்ளப்போவது நிக்கலும் கோபால்ட்டும் கலந்த மாங்கனீசு முடிச்சுகளை. உருளைக்கிழங்கு அளவிலான கருங்கட்டிகள். ஒரு சுறாப் பல்லைச் சுற்றிக்கூட உருவாகும்; பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டர்தான் வளரும். கண்ணுக்கெட்டிய வரை சேறாகக் கிடக்கும் அந்தச் சமவெளியில், ஒட்டி வாழும் உயிர்களுக்குக் கெட்டியான பிடிமானம் என்றால் பெரும்பாலும் இவைதான். இவற்றின்மேல் காம்புள்ள கடற்பஞ்சுகள் முளைக்கின்றன. செத்துப்போன கடற்பஞ்சின் காம்பில் வெளிறிய பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) ஒன்று முட்டையிட்டு, தன் உடலால் போர்த்திக் காவல் காக்கிறது. 4,000 மீட்டருக்குக் கீழே, கும்மிருட்டில்! இந்தச் செய்தி வெளிவந்ததே 2016இல்தான். முடிச்சு போனால் பஞ்சு இல்லை. பஞ்சு இல்லையென்றால் அந்தத் தாய் எங்கே போகும்?

காற்றுக்கும் இந்த ஆழத்துக்கும் தொடர்பு உண்டு. கடலின் மேற்பரப்பில் மிதக்கும் நுண்தாவரங்கள் கார்பனை எடுத்துக்கொள்கின்றன. அவை செத்த பிறகு அதில் ஒரு சிறு பங்கு, 'கடற்பனி'யாக மெல்ல அடித்தரை வரை இறங்குகிறது. அதைச் செரிப்பவை சேற்றிலுள்ள நுண்ணுயிரிகள். டிஸ்கால் தடங்களில், 26 ஆண்டுகளுக்குப் பிறகும், சில இடங்களில் அவற்றின் செயல்பாடு நான்கில் ஒரு பங்காகவே இருந்தது. மீள்வதற்குக் குறைந்தது 50 ஆண்டுகள் ஆகலாம் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஒரு சோதனைக் கலப்பை கீறிய காயமே இவ்வளவு. வணிகச் சுரங்கத்தின் எந்திரமோ மேல்சேற்றையும் முடிச்சையும் சேர்த்தே உறிஞ்சும்.

இது நமக்குத் தூரத்துக் கதை அன்று. மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இந்த முடிச்சுகளை ஆராயும் உரிமை இந்தியாவிடம் இருக்கிறது. மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கும் மத்ஸ்யா 6000 கலத்தை உருவாக்குவது சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். அந்தக் கலம் இறங்கவேண்டும் என்று மனமார விரும்புகிறேன். அங்கே என்ன வாழ்கிறது என்று பார்த்து வரட்டும், ஆண்டுக்கணக்கில் அளக்கட்டும். 1997இலேயே அந்தப் படுகையின் தரையைக் கிளறிப் பாதிப்பை ஆராய்ந்தவர்கள் நம் விஞ்ஞானிகள். பொறுமை அவர்களுக்குப் புதிதன்று.

சுரங்கத்தை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள் என்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கேட்கின்றன. அந்த வரிசையில் இந்தியாவும் சேரவேண்டும். மத்ஸ்யாவின் மூன்று இருக்கைகளில் ஒன்றை, ஒவ்வொரு பயணத்திலும், ஓர் உயிரியல் ஆய்வாளருக்கு ஒதுக்கவேண்டும்.