மேடையில பாம்பு

குமார்: நேத்து டேவான் ஹால்ல பாம்பு பெரியம்மா. ஃபுல் பாம்பு.

பெரியம்மா: ஐயோ! கொழந்த குட்டியெல்லாம் இருக்கற எடமாச்சே, என்ன பாம்பு, நாகமா மலப்பாம்பா?

குமார்: அது இல்ல லா. பக்கத்து வீட்டுப் பொண்ணு 21-வது பர்த்டேல ஸ்டாண்ட்-அப் காமெடி பண்ணேன்ல, ஒருத்தரும் சிரிக்கல. காமெடி பண்றவங்க அத பாம்ப்னு சொல்லுவோம். வெடிக்கற பாம்ப்.

பெரியம்மா: வெடிச்சா சத்தம் வருமேடா. ஒருத்தரும் மூச்சு விடலங்கற, அப்ப அது பாம்புதான்.

குமார்: கேஎல்ல, கோலாலம்பூர்ல, சிரிச்ச அதே அஞ்சு நிமிசம் பெரியம்மா, ஒரு வார்த்தை மாத்தல. அங்க ஓப்பன் மைக்ல, யாரு வேணா ஏறிப் பேசற மேடையில, ஆளுக்கு அஞ்சு நிமிசந்தான், நாலாச்சுன்னா பின்னாடி லைட்டு காட்டுவாங்க, முடிச்சிட்டு எறங்கிடணும்.

பெரியம்மா: சம்பளம்?

குமார்: ஓப்பன் மைக்குக்கு சம்பளம் கெடையாது.

பெரியம்மா: பஸ்ஸு காசு?

குமார்: நம்ம காசுதான்.

பெரியம்மா: நாங்க விடியறதுக்கு முன்னாடி பெரட்டுல, தோட்டத்துல ஆள் கணக்கெடுக்கற எடத்துல, நிப்போம், நம்ம பேரு பதிஞ்சாத்தான் கோணியத் தொடுவோம். நீ பேரும் பதியாம காசும் வாங்காம சும்மா நின்னுட்டு வர்ற. சரி, நேத்து எப்ப பேசுன, சாப்பாடு தொறக்கறதுக்கு முன்னயா பின்னயா?

குமார்: தொறந்தப்ப.

பெரியம்மா: ஆட்டுக்கறியோட எவன்டா போட்டி போடுவான்! மொதல்ல என்ன சொன்ன?

குமார்: ஊர் பேரு. பத்தாங் பெர்ஜுந்தைனா மலாய்ல தொங்கற தடின்னு ஒரு மாதிரி அர்த்தம் வரும்ல, அத வெச்சு...

பெரியம்மா: அந்த ஜோக்கு தாங்காமத்தான் 2007-ல பெஸ்தாரி ஜெயான்னு மாத்துனாங்க. இன்னும் அதையே சொல்ற. சிரிக்கணும்னா நம்ம தென்னமரம் தோட்டத்த பாரு. பேரு தென்னமரம், ஆனா 1917-ல அந்த பிரெஞ்சுக்காரத் தொர அங்க போட்டது செம்பனை, எண்ணெ எடுக்கற பனை, இந்த நாட்டுலயே யாவாரத்துக்கு மொத மொத செம்பனை போட்டது நம்ம தோட்டத்துலதான்னு ஆஃபீஸ் கிராணி ஆள் ஆளுக்கு சொல்லிட்டிருப்பாரு. எத்தன வருசம் அங்க பழம் பொறுக்குனேன், ஒரு தேங்கா கையில படல.

குமார்: பெரியம்மா, இது நல்லாருக்கே! தேங்கான்னு கடைசியில வந்து விழுது பாருங்க, அதான் பஞ்ச்.

பெரியம்மா: பஞ்சு வெளக்குக்கு. நீ அடுத்தது என்ன பேசுன, அத சொல்லு.

குமார்: அடுத்தது... ரிலிஜன், ரேஸ், ராயல்டி, அதாவது மதம், இனம், ராஜா, இந்த மூணு ஆர்ல கை வெக்கக் கூடாது, போலீஸ் ரிப்போர்ட்டு, 1948 தேச நிந்தனைச் சட்டம் வரைக்கும் இழுத்துடும். அதனால நம்ம ஆளுங்கள பத்தி. சம்சு சாராயம் குடிச்சிட்டு சாக்கடையில கெடக்கறது. அப்பறம் தோட்டத்துல இருந்து மாலுக்கு வந்த ஒரு அம்மா, எஸ்கலேட்டர பாத்ததும் செருப்ப கழட்டிட்டு, கும்புட்டு ஏறுவாங்க.

பெரியம்மா: யாரு அந்த அம்மா?

குமார்: சும்மா ஒரு கேரக்டர்.

பெரியம்மா: கேரக்டருக்கு பேரு இருக்கும்ல?

குமார்: ...பெரியம்மா.

(கடைக்கு மீ கோரெங் நூடுல்ஸ் வாங்க வந்தவரு காசு குடுத்து, மிச்சம் வாங்கி, மோட்டோ ஸ்டார்ட் பண்ணிப் போற வரைக்கும் ரெண்டு பேரும் வாயத் தொறக்கல.)

பெரியம்மா: செருப்ப கழட்டுனது நெசந்தான், அடி தேஞ்ச செருப்பு, வழுக்கும். கும்புடல. அது நீ சேத்தது.

குமார்: கேஎல்ல அதுக்குத்தான் பெரியம்மா ரொம்ப சிரிச்சாங்க.

பெரியம்மா: சிரிப்பாங்க. சாமியப் பேசுனா ரிப்போர்ட்டு, ராஜாவப் பேசுனா ரிப்போர்ட்டு, பெரியம்மாவப் பேசுனா எவன்டா ரிப்போர்ட்டு குடுப்பான்? நேத்து டேவான்ல உக்காந்திருந்தது பூரா பெரியம்மாங்கதான். பாதிப் பேரு செருப்ப கழட்டுனவங்க, மீதிப் பேரு அப்பன சாக்கடையில இருந்து தூக்கிட்டு வந்தவங்க.

குமார்: ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்கேன். திரும்பக் கேட்டாத்தான் எங்க தப்புன்னு தெரியும்னு சீனியர்லாம் சொல்லுவாங்க. கேளுங்க.

(கேட்டாங்க. அஞ்சு நிமிசமும் தட்டுல கரண்டி படற சத்தம். அஞ்சு முடிஞ்சும் அவன் எறங்கவே இல்ல, மொத்தம் ஒம்போது நிமிசம். ஊர்ல யாரும் லைட்டு காட்டல போல.)

குமார்: இங்க, இங்க! ஒருத்தங்க சிரிக்கறாங்க!

பெரியம்மா: அது உங்கம்மாடா. என் தங்கச்சிய எனக்குத் தெரியாதா, அவ பயந்தா சிரிப்பா.

குமார்: அடுத்த மாசம் கேஎல்ல மறுபடி ஸ்பாட் குடுத்திருக்காங்க. அந்த தென்னமரத்த எடுத்துக்கவா?

பெரியம்மா: எடுத்துக்க. எஸ்கலேட்டர எறக்கி வெச்சிட்டு எடுத்துக்க.

குமார்: அது போச்சுன்னா எனக்கு ரெண்டு நிமிசந்தான் மிச்சம்.

பெரியம்மா: அப்ப பாம்ப ஏத்திக்க. நெச பாம்பு. ஒருநா மட்டைக்கு அடியில பழம் பொறுக்க கைய விட்டேன், நாகம், படம் எடுத்து நிக்குது. கூட வந்தவளுங்க எல்லாம் ஓடிட்டாளுங்க, நான் ஓடல. ஏன் ஓடலன்னு கேளு.

குமார்: ஏன் ஓடல?

பெரியம்மா: கோணி பாதிதான் ரொம்பியிருந்துச்சு.

(குமாரு போன கையில வெச்சிட்டு அப்படியே பாத்துட்டிருந்தான்.)

பெரியம்மா: பாத்தியா, நீ சிரிக்கல. எனக்கும் பாம்பு.