பெற்றோல் கொட்டினால் அது எண்ணெய் இல்லையாம்

எண்ணெய் சேமிக்கிற பெரிய தாங்கிகளான திருகோணமலை எண்ணெய்க் குதங்களைப் பற்றிக் கதை எடுத்தால் போதும், ஊரில் எல்லாரும் இந்தியா, சீனா என்று தொடங்கிவிடுவார்கள். 2022 ஜனவரி ஒப்பந்தத்தில் 14 குதங்கள் இந்தியன் ஒயில் கம்பனியின் இலங்கைப் பிரிவான லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு என்று பிரித்தபோதும் சண்டை யாருக்கு எத்தனை என்பதில்தான் நின்றது. அங்கே வந்து இறங்குகிற சாமான் தவறிக் கடலில் கொட்டினால் சட்டம் அதை என்னவென்று கணக்கெடுக்கும் என்று ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

தாங்கிக் கப்பல் எண்ணெய் கொட்டினால் நட்டஈடு கொடுப்பதற்கென்று 1992இன் சர்வதேச உடன்படிக்கை இருக்கிறது. இலங்கையும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆனால் அதன் வரைவிலக்கணத்தில் எண்ணெய் என்றால் இலகுவில் ஆவியாகாமல் நின்று பிடிக்கும் கனிய எண்ணெய் மட்டும்தான்: மசகு எண்ணெய் (சுத்திகரிக்காத கச்சா எண்ணெய்), உலை எண்ணெய், கனரக டீசல், உராய்வு நீக்கி எண்ணெய். பெற்றோல் அதற்குள் வராது. குதங்கள் இருக்கிற சீனக்குடாவுக்கு வருகிற கப்பல்களில் பெற்றோலும் இருக்கிறது! ஆவியாகிவிடும், பிறகென்ன கவலை என்பது எழுதியவர்களின் நியாயம். திறந்த சமுத்திரத்தில் சரி. எங்கள் உட்துறைமுகம் போல மூன்று பக்கமும் நிலம் சூழ்ந்த தண்ணீரில் அது ஆவியாகிப் போவதற்குள் மீன் குஞ்சையும் இறால் குஞ்சையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போகும்.

வேடிக்கை என்னவென்றால், கப்பல் கழிவுகளைக் கட்டுப்படுத்துகிற மார்போல் உடன்படிக்கையில் பெட்ரோலியம் எந்த வடிவில் இருந்தாலும் எண்ணெய்தான். அதாவது கொட்டக்கூடாது என்று சொல்லும்போது பெற்றோல் எண்ணெய். நட்டஈடு கேட்கும்போது இல்லை.

இது வக்கீல்களின் விளையாட்டு என்று நினைப்பவர்கள் எக்ஸ்பிரஸ் பேர்ளை நினைத்துப் பாருங்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்த அந்தக் கப்பலில் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது. அது ஆபத்தான சரக்கு என்று முறைப்படி பதிவான பொருள். கூடவே சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளும் இருந்தன. அவை கப்பல்களுக்கான சர்வதேச ஆபத்தான சரக்குப் பட்டியலிலேயே இல்லை. அமிலம் கரைக்கு வந்து ஒதுங்கவில்லை. மணிகள்தான் கரை முழுக்க ஒதுங்கி, மணலை அரித்து அரித்து எடுக்கிற வேலையாகிப் போயின. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கட்டச் சொன்னது நல்ல விசயம். பட்டியல் எழுதியவர்கள் பொருளின் குணத்தை முக்கியமாகக் கப்பலுக்குள் வைத்துப் பார்த்தார்கள், எரியுமா வெடிக்குமா என்று. இந்த மணிகள் கடலுக்குள் போனால் என்ன செய்யும் என்று பார்க்கவில்லை. என் கோபம் முழுக்க அதில்தான்.

இத்தனைக்கும் நல்ல வரைவிலக்கணம் இல்லாமல் இல்லை. மார்போலின் முன்பக்கத்திலேயே இருக்கிறது: கடலுக்குள் போனால் மனித ஆரோக்கியத்துக்கு ஆபத்தாகவோ, கடலுயிர்களுக்குத் தீங்காகவோ, கடலின் நியாயமான பயன்பாடுகளுக்கு இடைஞ்சலாகவோ ஆகக்கூடிய எந்தப் பொருளும் தீங்கான பொருள். நம் சட்டங்கள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும், பட்டியல் அதற்குக் கீழே இருக்கட்டும். அதே உடன்படிக்கை போர்க்கப்பல்களுக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடற்படைத் தளத்துக்குப் பக்கத்தில் வலை போடுகிற ஊரில் இது சின்ன விசயமில்லை.

கப்பலை விடுங்கள், கரைக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் வள்ளங்களுக்குப் பூட்டுகிற வெளி இணைப்பு இஞ்சின் திருத்துகிறார். கடை வாசலில் வாய் சீவிய கானில் கறுப்பாக, தடிப்பாகப் பழைய ஒயில் நிற்கும். அதில் ஒரு தும்புக்கட்டை குத்தியபடி. வேலிக்கட்டையின் அடிக்குப் பூசினால் கறையான் ஏறாது, மர வள்ளத்துக்கும் பூசலாம் என்று சனம் போத்தல் போத்தலாக வாங்கிப் போகும். மாரி மழை பிடித்தால் கான் நிரம்பி, வழிந்து, வாய்க்காலுக்குப் போகும். வாய்க்கால் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும்.

2008 பெப்ரவரியில் வந்த வர்த்தமானியின்படி பழைய ஒயில் பட்டியலிட்ட ஆபத்தான கழிவு. சேர்க்க, ஏற்ற, வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். அதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "தம்பி, கழிவெண்டால் எறியிற சாமான். இது காசுக்குப் போகுது." அவர் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆபத்தான கழிவுகளை நாடு விட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்துகிற பாசல் உடன்படிக்கையே அப்பிடித்தான் தொடங்குகிறது: அகற்றுவதும், அகற்ற எண்ணுவதும், சட்டம் அகற்றச் சொல்வதும் கழிவு. பிரித்தானியாவிலிருந்து கொழும்புக்கு வந்த 263 கொள்கலன்களும் பழைய மெத்தை, கம்பளம் என்ற பெயரில், திரும்பப் பயன்படுத்துவதற்கென்றுதானே வந்தன? உள்ளே மருத்துவக் கழிவும் கிடந்தது. பாவிக்கப் போகிறேன் என்ற ஒரு சொல்லால் கழிவு சரக்காகிவிடுகிறது. பெரிய ஆட்கள் கொள்கலன் கணக்கில் செய்ததையே இவர் கான் கணக்கில் செய்கிறார். வித்தியாசம், இவருக்கு வேறு வழியைக் காட்ட ஆளில்லை. பழைய ஒயிலை வந்து எடுத்துப்போக ஒரு ஏற்பாடும் அவர் கடைப் பக்கம் இல்லை. அந்த வர்த்தமானியை வைத்து அவருக்குத் தண்டம் எழுதுவது சுலபம், இறங்குதுறைக்கு ஒரு சேகரிப்புப் பீப்பாய் கொண்டுவருவதுதான் கஷ்டம் போலிருக்கு.

குதங்களைத் திருத்துகிற வேலைக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வந்தால், அதைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் கிடைக்கும். இந்தியாவா சீனாவா என்பதை அந்த 30 நாளைக்கு ஒதுக்கி வையுங்கள். கொட்டியாரக் குடாப் பக்கத்து மீனவர் சங்கங்கள் எழுதிக் கேட்கவேண்டியது: எந்தெந்த எண்ணெய் வரும், ஒவ்வொன்றும் எந்தச் சட்டத்தின் வரைவிலக்கணத்துக்குள் விழும், எதற்குள்ளும் விழாததற்கு யார் காசு கட்டுவது? கடிதம் எழுத உதவி தேவையென்றால் உள்பெட்டியில் சொல்லுங்கள், நான் இருந்து எழுதித் தருகிறேன்.