அந்தப் புழுக்கள் எதைத் தின்றன?
லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவை ஊட்டிய சி. எலிகன்ஸ் புழுக்கள் (ஆய்வகங்களில் வளர்க்கும் மிகச் சிறிய உருளைப்புழுக்கள்) கூடுதல் நாள் வாழ்ந்தன, ஆகவே புரோபயாடிக் (உடலுக்கு நல்லது என்று உட்கொள்ளும் உயிருள்ள நுண்ணுயிர்கள்) ஆயுளை நீட்டும் என்கிறது இங்கே பகிரப்பட்ட கட்டுரை. சரி, ஒப்பீட்டுக்கு வைத்த புழுக்கள் எதைத் தின்றன? ஆய்வகத்தில் அவற்றுக்கு வழக்கமாகக் கொடுப்பது ஈ. கோலை ஓபி50 என்ற பாக்டீரியா வகை. வயதான புழுவின் குடலில் அதுவே பெருகிச் சாவை விரைவுபடுத்தும். அதே ஈ. கோலையைப் புற ஊதா ஒளியில் கொன்று கொடுத்தாலே ஆயுள் கூடிவிடுகிறது, புரோபயாடிக்கே வேண்டாம். அப்புறம், புது பாக்டீரியா பிடிக்காமல் புழு குறைவாகத் தின்றாலும் கொழுப்பு குறையும், ஆயுள் நீளும். அதைப் புரோபயாடிக் தந்த வளர்சிதை மாற்ற நன்மை என்று எழுதிவிடுவது எளிது. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் ஆன்டிபயாடிக் முடித்ததும் கட்டாயம் புரோபயாடிக் எடுக்கச் சொல்கிறார். 2018இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனக் குழு மனிதர்களிடம் பார்த்தபோது, அப்படி எடுத்தவர்களுக்குச் சொந்தக் குடல் நுண்ணுயிர்கள் திரும்பத்தான் தாமதமானது.