வரம்பு வைப்பது பிள்ளைக்குத் தெரிந்தே நடக்கட்டும்

பிள்ளைகளின் கணினி நேரத்துக்கு ஒரு வரம்பு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், அந்த வரம்பைப் பிள்ளையிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வைத்துவிட்டு, திரை திடீரெனப் பூட்டிக்கொள்ளும்போது அது தானாகப் புரிந்துகொள்ளட்டும் என்று விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

விண்டோஸ் கணினிக்கு, பிள்ளைகளின் பயன்பாட்டைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி என்ற செயலி இருக்கிறது. பிள்ளைக்குத் தனிக் கணக்குத் தொடங்கி, எந்தக் கிழமையில் எத்தனை மணி நேரம் என்று அதில் குறித்துவிடலாம். கணினி முழுவதற்கும் வரம்பு வைப்பதைவிட, விளையாட்டுகளுக்கு மட்டும் வைப்பதே நல்லது என்பேன். முழுக் கணினிக்கும் வைத்தால், மைன்கிராஃப்டில் நேரம் தீர்ந்த பிள்ளை, அறிவியல் செயல்திட்டத்தைப் பாதி தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே வெளியே தள்ளப்படும்; படிப்புக்கும் சேர்த்துத் தண்டனை கிடைத்ததாகவே அது நினைக்கும். பிள்ளையின் கணக்கு, கணினியின் எல்லா அமைப்புகளையும் மாற்றும் உரிமையுள்ள அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்காக இருக்கக் கூடாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே கணக்கு, எல்லோருக்கும் தெரிந்த கடவுச்சொல் என்றால் எந்த வரம்பும் நிற்காது.

தென்கொரியாவில் இதைச் சட்டமாகவே போட்டுப் பார்த்தார்கள். 16 வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடக் கூடாது என்ற விதி 2011-இல் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகள் பெற்றோரின் குடிமக்கள் பதிவு எண்ணைக் கொடுத்து உள்ளே போனார்கள். கைபேசி விளையாட்டுகளோ பெரும்பாலும் அந்த விதிக்குள் வரவே இல்லை. 2022 தொடக்கத்தில் அது விலக்கப்பட்டது. பெற்றோரோ பிள்ளையோ கேட்டு நேரத்தைத் தேர்ந்துகொள்ளும் முறை மட்டும் நீடித்தது. வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டியதை வெளியிலிருந்து பூட்டு போட்டுத் தீர்க்க முடியவில்லை என்றே நான் இதைப் படிக்கிறேன்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் 2016-இல், 6 வயதுக்கு மேற்பட்டோருக்கு இத்தனை மணி நேரம்தான் என்று எண் சொல்லாமல், தூக்கமும் உடலுழைப்பும் கெடாதபடி நிலையான வரம்பு வையுங்கள் என்றது. ஆகவே, முதலில் இரவு நேரத்தைத்தான் பேசி முடிவுசெய்ய வேண்டும். பகலில் அரை மணி கூடக்குறையப் போனால் குடிமுழுகிவிடாது.

பிள்ளையின் கணினிப் பயன்பாடு பற்றி ஃபேமிலி சேஃப்டி பெற்றோருக்கு அனுப்பும் வாராந்திர அறிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளை எந்தத் தளத்துக்குப் போனது, எதைத் தேடியது என்பதையெல்லாம் அதற்குத் தெரியாமல் படிப்பது வேவு பார்ப்பதுதான். அறிக்கை வருகிறது என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். முடிந்தால் சேர்ந்தே பாருங்கள். ‘இன்னும் கொஞ்ச நேரம்’ என்று கோரிக்கை வந்தால், அதை இரவு வரை கிடப்பில் போடாதீர்கள். மறுப்பதானாலும் அப்போதே, காரணத்தோடு மறுத்துவிடுங்கள்.