தூசியின் அளவு வேறு, தூசிக்குள் இருப்பது வேறு

ஞாயிற்றுக்கிழமை ஆலய மண்டபத்தில் நடந்ததை ஊரே பார்த்தது. செம்பனைக் காட்டோரக் கொட்டகையில் செம்புக்காக இரவில் வயர் எரிக்கிறார்கள் என்று நான் எழுந்து சொன்னேன். "காற்று மாசுக் குறியீடான ஐபியு மிதமான 60தானே காட்டுகிறது, ஏன் தங்கச்சி பயமுறுத்துகிறீர்கள்?" என்று கேட்டு என்னை உட்கார வைத்துவிட்டார்கள்.

ஐபியு, தூசியும் சில வாயுக்களும் காற்றில் எவ்வளவு என்று சொல்லும்; அந்தத் தூசிக்குள் எந்த உலோகம் இருக்கிறது என்று சொல்லாது. 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைவான துகள் நுரையீரலின் காற்றறை வரை இறங்கிவிடும். அதிலுள்ள செம்பும் இரும்பும், செல்லில் இயல்பாக உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொடிய ஹைட்ராக்சில் கூறுகளாக மாற்றுகின்றன. செல்லைக் காக்கும் குளுடதையோன் தீர்ந்துபோனால் செல்லின் சவ்வு சிதைகிறது, மரபணு இழை அறுபடுகிறது, அழற்சி தொடங்குகிறது.

அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் 1986 ஆகஸ்டு முதல் 13 மாதங்கள் ஓர் எஃகு ஆலை மூடிக் கிடந்தது. அந்தக் குளிர்காலத்தில் மூச்சுக் கோளாறால் மருத்துவமனையில் சேர்ந்த பிள்ளைகள் வெகுவாகக் குறைந்தார்கள். பின்னர், சேமித்து வைத்திருந்த தூசியின் சாற்றை மனித மூச்சுக்குழாய்ச் செல்களில் இட்டுப் பார்த்தபோது, ஆலை ஓடிய காலத்துத் தூசியே அதிக அழற்சியை உண்டாக்கியது. உலோகம் மிகுந்திருந்ததும் அதில்தான். தூசியின் அளவு வேறு, தூசிக்குள் இருப்பது வேறு என்று நான் சொன்னது இதைத்தான்.

என் தம்பி நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்புக் கதவுகளுக்கு வெல்டிங் வைப்பவன். ஒருநாள் மூடிய பட்டறையில் வேலை செய்துவிட்டு வந்தவன், காசைச் சப்பியதுபோல் வாய் இனிக்கிறது என்றான். நள்ளிரவில் இரண்டு போர்வைக்குள் பல் கிடுகிடுக்க நடுங்கினான். மறுநாள் மாலை காய்ச்சல் போய்விட்டது. பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். திடமான ஆண்பிள்ளையை ஒரு நாள் நாகப்புகை அப்படிப் போட்டு ஆட்டியது.

ரப்பர்த் தாளை விறகுப் புகையில் உலர்த்தும் புகைக்கூட்டுப் பக்கத்திலேயே வளர்ந்தவர்கள் நாம் என்பீர்கள். விறகுப் புகையும் நல்லதில்லை. என் அம்மா கடைசிவரை இருமிக்கொண்டேதான் இருந்தார். நம் பையன்களுக்கு வேலை கிடைக்கிறது என்பீர்கள். அந்தப் புகையை முதலில் மூச்சில் இழுப்பவர்களும் அவர்கள்தானே? கொட்டகைக்காரர் திருவிழா அன்னதானத்துக்கு அரிசி கொடுக்கிறார் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகள் பழகிய அண்ணன்மார்கூடத் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேற்றுக் காலை கொடியிலிருந்து எடுத்த என் மகளின் வெள்ளைப் பள்ளிச் சட்டையில் விரலை வைத்தேன், கறுப்பாக ஒட்டியது. அதைத் துவைக்காமல் நெகிழிப் பையில் கட்டி வைத்திருக்கிறேன், அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருவேன்.