நுரை வரவில்லை என்று சவர்க்காரத்தைக் குறை சொல்லாதீர்கள்

சவரச் சவர்க்காரமும் பிரஷும் ஆசையாய் வாங்கிவிட்டு, ஒரு கிழமைக்குள் "நுரையே வருதில்லை" என்று மூலையில் போட்டுத் திரும்பவும் கேன் நுரைக்குப் போகிறவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நிறையப் பேர். அநேகமாகப் பிழை சவர்க்காரத்தில் இல்லை. பிரஷில் எடுக்கிற சவர்க்காரம் காணாது, விடுகிற தண்ணி கூட. அவ்வளவுதான் சங்கதி.

ஆனால் கையில் இருப்பது சவரத்துக்கென்று செய்ததுதானா என்று ஒருக்கா பாருங்கள். தேங்காய் எண்ணெய் கூடிய குளியல் சவர்க்காரம் பெரிய குமிழியாகப் பொங்கும்; றேசரை எடுக்க முதலே அடங்கிவிடும். சவரச் சவர்க்காரத்தில் ஸ்டியரிக் அமிலம் கூட, அதுதான் நுரையை அடர்த்தியாக நிற்க வைக்கிறது. பொட்டாசியம் ஹைட்ரொக்சைட்டும் சேர்ப்பதால் சுலபமாகக் கரையும்.

பன்றிமுடி பிரஷ் என்றால் இளஞ்சூட்டுத் தண்ணியில் மூன்று நிமிடம் ஊறவிடுங்கள். முடி தண்ணியைக் குடித்தால்தான் இளகும். புதுசு என்றால் பதினைந்து இருபது தடவை பாவித்த பிறகுதான் நுனி பிரிந்து மென்மையாகும், பொறுமை வேண்டும். செயற்கை இழை பிரஷை நனைத்தால் காணும். கொதிதண்ணி எதற்கும் வேண்டாம், முடியும் கெடும், அடியில் இருக்கிற பசையும் விடும்.

இனித்தான் முக்கியமான இடம். பிரஷை இரண்டு மூன்று தரம் நன்றாக உதறுங்கள். சொட்டக்கூடாது, ஈரமாக மட்டும் இருக்க வேண்டும். சவர்க்காரத்தின் மேல் வட்டமாகச் சுழற்றுங்கள். முதலில் பெரிய குமிழிகள் வரும். எல்லாரும் ஏமாறுவது இங்கேதான், நுரை வந்துவிட்டது என்று முகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். நிறுத்தாதீர்கள். பதினைந்து செக்கனில் குமிழி சிறுக்கும். முப்பது செக்கன் ஆகும்போது பற்பசை மாதிரிக் களியொன்று முடிகளுக்கிடையில் ஏறி, பிரஷ் கொஞ்சம் பாரமாய் இழுபடும். அந்தக் களி வராமல் பிறகு எவ்வளவு அடித்தாலும் பலனில்லை.

அதைக் கோப்பையிலோ நனைந்த முகத்திலோ அடிக்கலாம். கோப்பைக்கு, உட்பக்கம் வழித்த பெரிய சிரட்டையே திறம். பிரஷின் நுனியை மட்டும் தண்ணியில் தொட்டு, பத்துப் பதினைந்து செக்கன் அடித்து, திரும்பத் தொடுங்கள். மொத்தம் இரண்டு மூன்று தேக்கரண்டித் தண்ணி போகும், ஆனால் ஒரேயடியாக அல்ல. கட்டித் தயிர் போல மினுங்கி, தனிக் குமிழி ஒன்றும் கண்ணுக்குத் தெரியாமல், விரலிடையில் வைத்துத் தேய்த்தால் வழுக்கினால் சரி. மினுக்கம் இல்லாமல் பஞ்சு போலப் பொங்கி நின்றால் தண்ணி காணாது. முகத்தில் காய்ந்து பிளேட்டை இழுக்கும். கன்னத்தால் வழிந்தால் தண்ணி கூடிப்போச்சு, திரும்பச் சவர்க்காரத்துக்குப் போங்கள். பிரஷை முகத்தில் அடிவரை அமுக்கி நசுக்குவதால் நுரை கூடாது, முடிதான் உதிரும்.

கொழும்புக் குழாய்த் தண்ணி இதற்குக் கிடைத்த வரம். களனி கங்கைத் தண்ணியும் லபுகம நீர்த்தேக்கத் தண்ணியும் மென்னீர், அதாவது கல்சியம் குறைந்த தண்ணி. யாழ்ப்பாணத்துக்கு லீவில் போனால் அதே சவர்க்காரம் அங்கே சரியாக நுரைக்காது. சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணியில் இருக்கும் கல்சியம் சவர்க்காரத்தைப் பிடித்து வெள்ளைப் படிவாக்கிவிடும். அங்கே பிரஷைச் சவர்க்காரத்தின் மேல் இன்னும் பதினைந்து செக்கன் கூடச் சுழற்றுங்கள், அல்லது கேத்தலில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணியைத் தெளிவாக வடித்துப் பாவியுங்கள். மழைத்தண்ணி கிடைத்தால் பேச்சே இல்லை.

முடிந்ததும் பிரஷை நுரை போகக் கழுவி, உதறி, துவாயில் ஒற்றி, காற்றுப் படுகிற இடத்தில் வையுங்கள். எங்கள் புழுக்கத்தில் மூடிய குளியலறை அலுமாரிக்குள் ஈரத்தோடு வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். சவர்க்காரக் கிண்ணத்தின் மூடியையும் காயும்வரை திறந்து விடுங்கள்.